ஆளைப் பார்த்து ஆட்டம் சொல்லுங்கள்

‘நல்ல கேம் ஒண்ணு சொல்லேன்’ என்று யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. ‘சும்மா இருக்கும்போது என்ன பண்ணுவீங்க?’ என்று திருப்பிக் கேட்பேன். துப்பறியும் நாவல் படிப்பவருக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுபவருக்கும் ஒரே ஆட்டம் ஒத்துவராது. சிறு குழுக்கள் சொந்தமாகச் செய்யும் இண்டி கேம்களைப் பல வருடங்களாக விளையாடியதிலும், தெரிந்தவர்களையெல்லாம் விளையாட வைத்ததிலும் நான் கற்ற முதல் பாடம் இதுதான். ஆட்டத்தின் பெருமையைப் பேசுவதற்கு முன்னால் ஆளின் ருசியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களுக்கு நம் பரிந்துரை தேவையில்லை, விளம்பரமே போதும். ஒருவரோ நாலைந்து பேரோ செய்த ஆட்டத்துக்கு வாய்வார்த்தைதான் விளம்பரம். 2024இல் மட்டும் கணினி ஆட்டங்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் 18,000க்கும் அதிகமான ஆட்டங்கள் வெளியாயின. இத்தனைக்கு நடுவே ஒன்று கண்ணில் படாமல் போனால் அதன் தரம் குறைவு என்று அர்த்தமாகாது. ‘அமாங் அஸ்’ வந்தது 2018இல். 2020இல் பிரபலமான ஸ்ட்ரீமர்கள் விளையாடிக் காட்டிய பிறகுதான் ஊர் உலகமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டது.

இனி, யாருக்கு எதைச் சொல்வது என்று பார்ப்போம்.

துப்பறியும் கதை படிப்பவருக்கு

‘தி கேஸ் ஆஃப் த கோல்டன் ஐடல்’. லாட்வியாவைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் உருவாக்கியது; 2022இல் வெளிவந்தது. கதை நடப்பது 18ஆம் நூற்றாண்டில். ஒரு தங்கச் சிலையைச் சுற்றி அடுத்தடுத்துச் சாவுகள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சாவையொட்டி உறைந்து நிற்கும் காட்சி. அங்கே இருப்பவர்களின் சட்டைப்பையைத் துழாவலாம், கடிதங்களைப் பிரித்துப் படிக்கலாம், யார் என்ன பேசினார்கள் என்று பார்க்கலாம். அப்படிக் கிடைக்கும் பெயர்களையும் வினைச்சொற்களையும் சேகரித்து, என்ன நடந்தது என்று விவரிக்கும் பத்தியில் கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும்.

இதன் சாமர்த்தியம், விடை தவறும்போது தெரியும். எது தவறு என்று ஆட்டம் காட்டிக்கொடுக்காது. தவறுகள் இரண்டுக்கு மேல் இல்லையென்றால் அதை மட்டும் சொல்லும். அதனால் குருட்டாம்போக்கில் அடித்துத் தப்பிக்க முடியாது. மறுபடியும் கடிதத்தைத்தான் படிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்து வாதாடிக்கொண்டே விளையாடினால் சுவை கூடும். ஆங்கிலம் சரளமாக வராதவருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுவேன்: ஓவியங்கள் வேண்டுமென்றே கோணல்மாணலாக இருக்கும். அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள்.

கல்வெட்டிலும் எழுத்திலும் ஆசை உள்ளவருக்கு

‘ஹெவன்ஸ் வால்ட்’. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் இங்கிள் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. ஆலியா என்ற தொல்லியலாளர் பாழடைந்த இடங்களில் கிடைக்கும் பழைய எழுத்துகளைப் படிக்க முயல்கிறார். அந்த மொழியை ஆட்டத்துக்காகவே உருவாக்கியிருக்கிறார்கள். சின்னக் குறிகள் சேர்ந்து பெரிய சொற்களாகின்றன. ஒரு குறியின் பொருளை ஊகித்துவைத்தால், அதே குறி வேறொரு சொல்லுக்குள் வரும்போது ஊகம் வலுப்படும் அல்லது உடையும். ஊகம் சரியா என்று உடனே மதிப்பெண் போடுவதில்லை. தவறான வாசிப்போடும் வெகுதூரம் போகலாம். பின்னால் வேறொரு வாசகம் வந்து அதைத் திருத்தும்.

தமிழ்க் கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லாத வரிகளைப் பிரித்துப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த இன்பம் புதிதல்ல. கல்வெட்டு வகுப்புக்குப் போகும் நண்பர் ஒருவருக்கு இதைக் கொடுத்தேன். அதுவரை வீடியோ கேம் பக்கமே வராதவர், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். குறையும் உண்டு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கப்பலில் போகும் பகுதிகள் நீளமானவை, பொறுமையைச் சோதிக்கும். ஆனால் ஒருமுறை முடித்தபின் மீண்டும் தொடங்கினால், நாம் கற்ற சொற்கள் கையிலேயே இருக்கும், வாசகங்கள் இன்னும் நீளமாக வரும். இரண்டாம் முறை விளையாடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

புகைப்படக்காரருக்கு

‘உமுராங்கி ஜெனரேஷன்’, 2020. மாவோரி இனத்தைச் சேர்ந்த நப்தாலி பால்க்னர் செய்தது; நியூசிலாந்தின் டவுராங்கா நகரின் எதிர்காலத்தில் நடக்கிறது. நம் கையில் கேமராவும் எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலும் இருக்கும். என்ன ஆபத்து சூழ்ந்திருக்கிறது என்று ஆட்டம் வாய்விட்டுச் சொல்லாது. சுவரெழுத்து, ராணுவ வண்டிகள், வானத்தின் நிறம் இவற்றையெல்லாம் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். பட்டியலை மட்டும் முடித்துக்கொண்டு ஓடுபவர்களுக்குப் பாதிக் கதை தவறிப்போகும். இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டரில் கட்டளை தட்டுபவருக்கு

‘டஸ்கர்ஸ்’, 2016. கைவிடப்பட்ட விண்கலங்களுக்குள் டிரோன்களை அனுப்பி உதிரிப்பாகங்களைத் தேட வேண்டும். எந்த அறைக்குப் போக வேண்டும், எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் விசைப்பலகையில் கட்டளையாகத் தட்ட வேண்டும். உள்ளே ஏதோ நடமாடுகிறது என்பது தெரிந்த பிறகு, பதற்றத்தில் ஒரு கதவு எண்ணைத் தவறாக அடித்தால் டிரோன் போச்சு. சர்வர் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

கேமே விளையாடாதவருக்கு

‘எ ஷார்ட் ஹைக்’, 2019. கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ செய்தது. செல்போன் சிக்னல் கிடைப்பதற்காக ஒரு குட்டிப் பறவை மலையுச்சிக்குப் போகிறது. தோல்வி கிடையாது, எதிரி கிடையாது. வழியில் பார்ப்பவர்களோடு பேசலாம், மீன் பிடிக்கலாம், இறக்கை விரித்து மிதந்து இறங்கலாம். ஒரு மாலையில் முடிந்துவிடும். பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ‘வெண்பா’. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைக்கும் இட்லி, புட்டு. பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்வானது. வெளிநாட்டில் பாராட்டப்பட்ட அளவுக்கு நம் வீடுகளில் இது விளையாடப்படவில்லை என்பது என் வருத்தம். இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்பதில் என் அத்தை என்னைவிட வேகம்!

சொல்லும் முறை

கதையைச் சொல்லாதீர்கள்; விளையாடுபவர் என்ன செய்யப்போகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். குறையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்; பிறகு அது ஏமாற்றமாகத் தெரியாது. பத்துப் பெயர் அடுக்காமல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். டெமோ இருந்தால் அதையே முதலில் கொடுங்கள்.

புதிதாகத் தேட விரும்பினால், சுயாதீன ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விருதுப் பட்டியல்களைப் பாருங்கள். வென்றவற்றைவிட இறுதிச் சுற்றுவரை வந்தவற்றில்தான் புதையல் அதிகம்.

இதில் நாணயமும் வேண்டும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். லேப்டாப்பில் ஓடவில்லை, பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் முழுதாக முடித்து ரசித்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்குவது சின்ன ஆட்டம் செய்பவர்களின் வயிற்றில் அடிப்பது. 2021இல் ‘சம்மர் ஆஃப் 58’ என்ற குறும் ஆட்டத்தைச் செய்தவர், இப்படித் திருப்பிக் கேட்பவர்கள் அதிகமானதால் இந்தத் தொழிலை விட்டு விலகுவதாகவே அறிவித்தார்.

பிடித்த ஆட்டத்துக்கு இரண்டு வரி மதிப்புரை எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். பத்து மதிப்புரைகள் சேரும்வரை ஸ்டீம் ஓர் ஆட்டத்துக்கு ஒட்டுமொத்த மதிப்பீட்டைக் காட்டுவதில்லை. பெரிய ஆட்டத்தின் லட்சம் மதிப்புரைகளில் உங்களுடையது காணாமல் போகும். சின்ன ஆட்டத்துக்கு அது பத்தில் ஒன்று. முடித்த கையோடு எழுதிவிடுங்கள்.