இந்தியச் சதுரங்கப் பட்டத்தின் வரலாறு

சதுரங்கம் தமிழ்நாட்டின் ஆட்டம் என்று நம்மவர் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். விடுதியில் வங்க நண்பர்களோடு உணவு உண்ணும்போது இப்பேச்சு எழாத வாரம் இல்லை. நாம் ஆனந்த் என்போம், குகேஷ் என்போம், பிரக்ஞானந்தா என்போம். அவர்கள் திவ்யேந்து பருவா என்பர், சூர்யசேகர் கங்குலி என்பர். பெயர்களை அடுக்கி வெல்லக்கூடிய வழக்கு அன்று இது. நம் நாட்டில் சதுரங்கப் பட்டம் எவ்வாறு தோன்றியது, யார் யார் கைக்குச் சென்றது என்று பார்த்தால், வழக்கே வேறு வடிவம் கொள்கிறது. அவ்வரலாற்றை இயன்ற அளவு இங்கே எழுதுகிறேன்.

சதுரங்கம் பிறந்த நாடு இந்தியா என்பதை ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் ஒப்புகின்றனர். ஆயினும் நம் முன்னோர் திண்ணையில் ஆடிய ஆட்டமும் இன்று உலகம் ஆடும் ஆட்டமும் ஒன்றல்ல. நாட்டு முறையில் சிப்பாய் தொடக்கத்திலும் ஒரு கட்டந்தான் நகரும். கோட்டை கட்டுதல் என்பது இல்லை. அதற்கு மாறாக, செக் படாதிருக்கும் அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். மறுகோடியை அடைந்த சிப்பாய் நாம் விரும்பிய காயாக மாறாது. யானை நின்ற வரிசையில் சென்றால் யானையாகும். குதிரை நின்ற வரிசையில் சென்றால் குதிரையாகும். இவ்விதிகளும் ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டன. அவ்வாறிருக்க, மதுரையில் வல்லவர் ஒருவரும் காசியில் வல்லவர் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்தால் எந்த விதியைக் கொண்டு ஆடுவது? நாடு முழுமைக்கும் ஒரு பட்டம் வேண்டுமானால் முதலில் நாடு முழுமைக்கும் ஒரே விதி வேண்டும். பட்டத்தின் வரலாற்றில் முதன்மையான செய்தி இதுவே என்பது என் கருத்து.

கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில் பலகை விரித்து ஆடுவோரை நம்மில் பார்க்காதவர் இலர். அங்கே ஒரு முதியவரிடம் நாட்டு முறையைப் பற்றிக் கேட்டேன். தம் பாட்டனார் அப்படித்தான் ஆடுவார் என்று கூறி, காய்களை மீண்டும் அடுக்கி, என்னோடு ஓர் ஆட்டம் ஆடியே காட்டிவிட்டார். பத்து நகர்த்தல் ஆகியும் இரு படைகளும் ஒன்றையொன்று தொடவில்லை! சிப்பாய் மெல்ல நகர்வதால் தொடக்கம் நிதானமாகிறது. ஆடுபவர் ஓரங்களில் படையை ஒழுங்கு செய்துகொண்டு காத்திருக்கிறார்.

இந்த நிதானத்தைக் கண்டு வியந்த ஐரோப்பியர் ஒருவர் இதே நகரில் வாழ்ந்தார். ஜான் காக்ரேன் என்ற அவ்வழக்கறிஞர் இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். 1850-களில் கல்கத்தாவில் அவரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவர் மகேஷ்சந்திர பானர்ஜி என்னும் வங்காளி. ஐரோப்பிய விதியில் ஆடியபோதும் பானர்ஜி நாட்டு முறையின் பழக்கத்தை விடவில்லை. நடுப்பகுதியை உடனே பிடிக்க விரையாமல், ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அவ்விடத்தில் மந்திரியை நிறுத்திக் குறுக்கே தொலைவிலிருந்து தாக்குவார். அந்நாளைய ஐரோப்பியருக்கு இது புதுமையாகத் தோன்றியது. இன்று உலகெங்கும் ‘இந்தியத் தற்காப்பு’ என்று வழங்கும் தொடக்க முறைகளுக்கு அப்பெயர் இவ்வாட்டங்களால் வந்ததே. 1922-இல் ஆஸ்திரிய வீரர் குரூன்ஃபெல்டு ஆடித் தம் பெயரை நிலைநாட்டிய தொடக்கத்தை, 1855-இலேயே பானர்ஜி ஆடியிருக்கிறார். பெயர் மட்டும் இவருக்குக் கிட்டவில்லை.

பின்னர் வந்தவர் பஞ்சாபின் மீர் சுல்தான் கான். நாட்டு முறையில் வளர்ந்த இவர் உலக விதிகளைப் பிறகே கற்றார். 1928-இல் நடந்த அகில இந்தியப் போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டே இங்கிலாந்து சென்று பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார்; 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அதனைப் பெற்றார். முன்னாள் உலக வாகையர் கப்பபிளாங்காவும் அவரிடம் தோற்றதுண்டு. ஆயினும் 1933-இன் இறுதியில் அவர் தாயகம் திரும்பியதும் எல்லாம் முடிந்தது. அவர் பெற்ற அறிவை அடுத்த தலைமுறைக்கு ஊட்டுவதற்கு இங்கே முறையான அமைப்பு ஒன்று இல்லை. தனி ஒருவரின் பேராற்றல் இப்படி வீணாவதைப் படிக்கும்போது நெஞ்சு வருந்துகிறது.

அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனம் 1951-இல் உருவாயிற்று. அதன்பின் முதல் தேசியப் போட்டி 1955-இல் நடந்தது. எங்கே தெரியுமா? சென்னையிலும் அன்று, கல்கத்தாவிலும் அன்று, ஆந்திரத்து ஏலூரில்! ராமச்சந்திர சாப்ரே, வெங்கய்யா ஆகிய இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். 1957-இல் ராம்தாஸ் குப்தா வென்றார். தொடக்கத்தில் ஈராண்டுக்கு ஒருமுறைதான் போட்டி நடந்தது.

மூன்றாம் போட்டியில், 1959-இல், பட்டம் தமிழர் ஒருவர் கைக்கு வந்தது. அவரே மானுவேல் ஆரன். 1935-இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். பட்டப்படிப்பை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் முடித்தவர். நம்மைப் போலவே வீட்டைவிட்டு வடக்கே வந்து படித்த மாணவர் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1981 வரை ஒன்பது முறை அவர் தேசியப் பட்டம் பெற்றார். 1960-இல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக வாகையர் மாக்ஸ் யூவேயை வென்றார். 1961-இல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மண்டலங்களுக்கு இடையிலான போட்டியில் போர்டிஷ், ஊல்மான் ஆகிய இரு பெருவீரர்களை வீழ்த்தினார். ஆனால் பட்டியலின் முடிவில் அவர் பெயர் கடைசியில் இருந்தது.

நண்பர்களே, இந்த இரு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். போர்டிஷை வெல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது. நாள்தோறும் வல்லவரோடு ஆடும் வாய்ப்பும், நூல்களும், ஆட்டங்களை உடனிருந்து ஆராயும் துணைவரும் அவருக்கு இல்லை. இந்தியாவின் இரண்டாம் சர்வதேச மாஸ்டர், தமிழரான ரவிக்குமார், தோன்றுவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, பதினேழு ஆண்டுகள்! இக்குறையை ஆரன் நன்கு உணர்ந்திருந்தார் எனலாம். 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகயீல் தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் அமைத்தார். ஆனந்த் என்னும் சிறுவன் வந்து ஆடியது அங்கேதான். இங்கே கோர்க்கி சதனில் அலெகின் பெயரால் அமைந்த கழகமும் இத்தகையதே. இரு நகரங்களும் ஒரே ஊற்றில் நீர் குடித்தன.

தேசியப் போட்டியின் கதவுகள் எல்லார்க்கும் தாமாகத் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போபாலைச் சேர்ந்த ரஃபீக் கான் தச்சு வேலை செய்து பிழைத்தவர். அவர் 1976-இல் தேசிய ‘பி’ போட்டியில் பதினைந்துக்குப் பதின்மூன்று புள்ளி பெற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். 1980-இல் மால்டா ஒலிம்பியாடில் மூன்றாம் பலகையில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அதே 1976-இல் பம்பாயைச் சேர்ந்த ரோகிணி காடில்கர், பதின்மூன்று வயதுச் சிறுமி, ஆடவர்க்குரிய தேசியப் போட்டியில் ஆட முன்வந்தார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. பெண்களைத் தேசியப் போட்டியிலோ உலகப் போட்டியிலோ தடுத்தல் கூடாது என்று உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் தலைவர் தீர்ப்புக் கூறினார். அத்தலைவர் வேறு யாருமல்லர். லைப்சிக்கில் ஆரனிடம் தோற்ற அதே யூவேதான்.

இனி விடுதி வழக்குக்கு வருவோம். 1978-இல் பன்னிரண்டு வயதில் தேசியப் போட்டியில் ஆடிய திவ்யேந்து பருவா கல்கத்தாச் சிறுவர். 1982-இல் லண்டனில் கோர்ச்னாயை வென்றார். 1983-இல் தேசிய வாகையர் ஆனார். ஆனந்த் 1986-இல் பதினாறு வயதில் அப்பட்டத்தைப் பெற்றார். நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் 1988-இல் சென்னையிலிருந்து வந்தார். இரண்டாமவர் 1991-இல் கல்கத்தாவிலிருந்து வந்தார். சசிகிரண், சேதுராமன், கார்த்திகேயன் முரளி, அரவிந்த் சிதம்பரம் எனத் தமிழ்நாட்டார் பலர் பின்னர் தேசியப் பட்டம் பெற்றனர் என்பது உண்மையே. ஆயினும் அண்மை ஆண்டுகளில் முன்னணி வீரர் பலர் வெளிநாட்டுப் போட்டிகளுக்கே செல்கின்றனர். தேசியப் போட்டிப் பக்கம் அவர்களைக் காண்பது அரிது. பட்டத்தின் ஒளி சிறிது மங்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அப்பட்டத்தைத் தொடர்ந்து ஆறு முறை வென்றவர் கொல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி. 2008-இல் கிராம்னிக்கையும், 2010-இல் டோபலோவையும், 2012-இல் கெல்ஃபாண்டையும் எதிர்த்து ஆனந்த் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது, அவருக்குத் துணையாக அமர்ந்து இரவெல்லாம் ஆட்டங்களை ஆராய்ந்த குழுவில் மூன்று முறையும் இருந்தவர் இவர்.