பாடு நாளைத் தொடுதிரைக்குக் கொண்டுவருவது எப்படி?

பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்களிடம் ‘பாடு’ என்ற ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. இறால் படும் இடங்களில் சுத்துவலை கட்ட, முறைவைத்து ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக்கொள்வார்கள். “இன்னிக்கு எங்க பாடு” என்று தொடங்கும் பன்னிரண்டு பக்கப் படப்புத்தகம் ஒன்றை ஊர்ப் பிள்ளைகள் வரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைத் தொட்டு விளையாடும் கதையாக மாற்ற நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரோ, தன்னார்வலரோ செய்துவிடலாம்.

கைக்கணினியை இப்போது எடுக்காதீர்கள். புத்தகத்தைத் தரையில் விரித்து நாலைந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள். பெரியவர்களுக்கு மேகத்தை நகர்த்தவும் கொடியை ஆட்டவும் ஆசை வரும். பிள்ளையின் விரலோ வலைக்குள் என்ன கிடக்கிறது என்று தேடும். தொடுகையை அங்கேதான் வைக்க வேண்டும். கொடியைத் தட்டித் தட்டி விளையாடும் பிள்ளைக்கு, கதையில் வரும் அப்பாவுக்கு இறால் கிடைத்ததா என்பதே மறந்துபோகும். பக்கத்துக்கு ஒரு தொடுகை போதும். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

சொந்தப் புத்தகம் இல்லையென்றால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் கிடைக்கும். எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு அவற்றை மாற்றியமைக்கத் திறந்த உரிமம் இடம் தருகிறது. கடையில் வாங்கிய புத்தகமானால் பதிப்பகத்திடம் எழுத்தில் அனுமதி பெறாமல் தொடாதீர்கள். கதைக்கும் படத்துக்கும் உரிமை தனித்தனியாக இருக்கலாம்.

முதல் மாதிரியை ஸ்க்ராட்ச் ஜூனியரில் செய்யுங்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகமும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட இலவசச் செயலி இது. படங்களைக் கேமராவால் உள்ளே எடுத்து, ‘தொட்டால் தொடங்கு’ என்ற கட்டையோடு அசைவையும் ஒலியையும் கோக்கலாம். நான்கு காட்சிகளுக்கு மேல் இடமில்லை. நான் இதை நல்லதென்றே சொல்வேன். கதையின் எலும்பு எது என்று முடிவுசெய்ய வைக்கிறது. கிளம்புவது, வலை கட்டுவது, காத்திருப்பது, வலையைத் தூக்குவது. காத்திருக்கும் காட்சியில் தொட எதையும் வைக்காதீர்கள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கட்டும். சில நொடிகளில் காட்சி தானே மாறட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு தெரிந்ததுதான், மற்ற பிள்ளைகளுக்கு இங்கே தெரியவரும்.

தொடும் இடம் பெரிதாக இருக்கட்டும். ஆண்ட்ராய்டு பரிந்துரைப்பது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். சின்ன விரல்களுக்கு 2 சென்டிமீட்டராவது கொடுங்கள்.

ஒலிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கதையை ஊர்க்காரர் ஒருவரே சொல்லட்டும். கடற்காற்று ஒலிவாங்கியில் இரையும், அதனால் வீட்டுக்குள், கதவு சாத்தி, சுற்றிலும் போர்வை தொங்கவிட்டுப் பதியுங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சு இரையாது. தண்ணீரின் ஓசையை எஞ்சினை நிறுத்திய படகிலிருந்து தனியாக எடுங்கள். ஏரியோரம் தண்ணீரில் தடவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் பறி என்ற கூடையை வாயில் கவ்வியிருப்பார்கள். படத்தில் அவர்களைத் தொட்டால் பேச்சு வரக்கூடாது, நீர் அலம்பும் ஒலி வரட்டும். படங்கள் முடிந்ததும் அவர்களிடமே காட்டி, சரியா என்று கேட்டுவிடுங்கள்.

மாதிரி சரியாக வந்ததும் முழுப் புத்தகத்தையும் ப்ளூம் என்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். இதற்கு விண்டோஸ் கணினி வேண்டும். வாக்கியம் வாக்கியமாகக் குரல் பதிந்தால், ஒலிக்கும் வாக்கியம் திரையில் நிறம் மாறித் தெரியும். இதனால் குரலும் எழுத்தும் அப்படியே பொருந்த வேண்டும். கதை சொல்லும் பாட்டி “வலைய இழுடா” என்று சொன்னால் திரையிலும் அதுவே இருக்கட்டும். “வலையை இழு” என்று திருத்தாதீர்கள். கேள்விப் பக்கங்களும் சேர்க்கலாம், ஆனால் கதை முடிந்த பிறகு.

முடித்த கோப்பை ப்ளூம் ரீடர் செயலியில் போட்டுவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். தனிச் செயலியாக வேண்டுமானால் ரீடிங் ஆப் பில்டர் உதவும். ஐந்து நிமிடக் குரலை 64 கேபிபிஎஸ் அளவில் வைத்தால் இரண்டரை எம்பிக்குள் அடங்கும், ப்ளூடூத்திலேயே அனுப்பிவிடலாம்.

ஊருக்குத் தருமுன், கதை தெரியாத பக்கத்துக் குப்பத்துப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். எங்கே திகைத்து உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். வெயிலில் வைத்தும் பாருங்கள். வெளிர் நிறங்கள் மங்கினால் கோடுகளைத் தடிமனாக்குங்கள். கடைசித் திரையில் குரல் கொடுத்தவர், வரைந்த பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களை, பெற்றோரைக் கேட்டுக்கொண்டு, ஊர்ப் பெயரோடு போடுங்கள்.