கல்யாணத்துக்கு முன் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகள் வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். தை மாதம் கல்யாணம். மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது அம்மா. திடீரென விட்டால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. கர்ப்ப காலத்தில் இந்த மருந்தை எடுத்தால் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. 30 முதல் 40 பேருக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்கலாம். சிசுவின் முதுகுத்தண்டு முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடும், நாள் தள்ளிப்போனது புரிவதற்குள். ஆகவே இப்போதே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற மாதக்கணக்கில் ஆகும். ஃபோலிக் அமிலம் பற்றியும் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டில் மறைக்காதீர்கள். ஒளித்துச் சாப்பிடும் மாத்திரைதான் அடிக்கடி தவறிப்போகிறது.