தோல் உரிப்பதற்கேற்ற மடக்குக் கத்தி

கோவிற்பட்டிக் கரிசற் சீமையில் உழவுமாடு இறந்துபோனால், அதன் தோலே குடியானவர் கைக்கு மிஞ்சுவது. ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்டாலும் கத்திக் காயம் மறையாது, விலை குறையும்.

உரிக்குமுன் கவனிக்க: திடீரென இறந்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் வழியே கறுத்து உறையாத இரத்தம் கசிந்தால் அஃது அடைப்பான் நோயாகலாம். அதன்மேல் கத்தி படலாகாது. உடலைத் திறந்தால் நோய்வித்துக்கள் மண்ணிற் பல்லாண்டு நிலைக்கும், மனிதரையும் பற்றும். உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க.

ஏனைய மாடுகளை உரிக்க மடக்குக் கத்தி போதும். விரித்த அலகு அசையாது பூட்டி நிற்கவேண்டும். இன்றேல் விரல் அறுபடும். அலகு 4 அங்குலத்துக்கு மேற்படாமல், முனை வளைந்திருத்தல் நலம். கூர்முனை தோலைத் துளைக்கும். அடிவயிற்றின் நடுவே நேராகக் கீறி, விலாப்புறத்தில் கத்தியை விடுத்து முஷ்டியால் தள்ளிப் பிரித்தல் வேண்டும். முடிவில் கீலிற் படிந்த இரத்தத்தைச் சோப்பிட்ட வெந்நீரிற் கழுவி, உலர்த்தி, எண்ணெயிடுக.