ஆற்றுப்படை காட்டும் வழி: திண்டிவனம் முதல் பெருமுக்கல் வரை

தமிழிலக்கிய மாணவர் எவரைக் கேட்டாலும் கடையெழு வள்ளல்களின் பெயர்களை வரிசை மாறாமல் கூறிவிடுவர். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து என்பதும், சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது என்பதும் அவர்கள் அறிந்தவையே. ஆனால் அப்பாட்டின் தலைவனாகிய நல்லியக்கோடனின் ஊர் எங்குள்ளது என்று கேட்டால் விடை எளிதில் வருவதில்லை. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இரயிலில் ஏறி, திண்டிவனம் நிலையத்தில் இறங்கினால் அவ்வூர் வந்துவிடும். அங்கிருந்து ஒரு நாள் நடந்தால் அப்பாட்டின் நிலத்தில் ஒரு பகுதியைக் கண்ணாரக் கண்டுவிடலாம். கால்நடையாகச் செல்வோருக்கென்றே பாடப்பட்ட நூலை நாம் நாற்காலியில் அமர்ந்தே படித்து முடிக்கிறோம். அதனைச் சற்றே நடந்தும் படிக்கலாம் என்று எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படை என்னும் வழிநூல்

ஆறு என்பது வழி. படை என்பது படுத்துதல், அஃதாவது செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு, தான் பெற்ற வளத்தைச் சொல்லி, அவ்வள்ளலிடம் செல்லும் வழியையும் காட்டுவது ஆற்றுப்படை. தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்னும் நால்வரையும் இத்துறைக்கு உரியோராகக் குறிப்பிடுகிறது. இவர்கள் அனைவரும் நடந்து பிழைத்தவர்கள். எனவே எந்த ஊரில் எந்த நிலம், எவர் வரவேற்பர், என்ன உணவு கிடைக்கும், எங்கே அச்சம் உண்டு என்னும் செய்திகள் இந்நூல்களில் அணிக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அவை இல்லையேல் ஆற்றுப்படையே இல்லை.

இம்மரபு சங்க காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1901ஆம் ஆண்டு மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, நாகூர் குலாம் காதிறு நாவலர் புலவர்களை அச்சங்கத்திற்கு வழிப்படுத்தும் புலவராற்றுப்படையைப் பாடினார். பழைய துறையொன்று இருபதாம் நூற்றாண்டின் தேவைக்கும் பயன்பட்டது என்பதற்கு அந்நூல் தக்க சான்றாகும்.

நத்தத்தனார் காட்டும் நாடு

சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். புறநானூற்றிலும் இவன் பாடப்பட்டுள்ளான். பாட்டில் வரும் பாணனின் வீட்டு வறுமை கல்லையும் கரைக்கும். அடுக்களையில் கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கிறது. கூரை சரிந்து, சுவரில் காளான் பூத்திருக்கிறது. குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் கண்டால் இழிவு என்று கதவையடைத்துக் கொண்டு சுற்றத்தோடு உண்கின்றனர். அப்பசியே அவனை வழிமேல் செலுத்துகிறது. பயணம் அவனுக்குப் பொழுதுபோக்கு அன்று என்பதை நாம் மறத்தலாகாது.

வழி கடற்கரையிலிருந்து தொடங்குகிறது. முதலில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம். அங்கே பரதவர் உலர்ந்த குழல் மீனைச் சுட்டுத் தருவர். அடுத்து முல்லை நிலத்து வேலூர். அங்கே எயினர் மகளிர் சமைத்த புளிச்சோறு ஆமான் சூட்டிறைச்சியோடு கிடைக்கும். பின்னர் மருத நிலத்து ஆமூர். அங்கே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும். இறுதியில் நல்லியக்கோடனின் கிடங்கில். அங்கே அவன் தானே அருகில் நின்று விருந்து படைப்பான். மீனும் புளியும் நெல்லும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் கூர்ந்து நோக்குக. உணவு மாறும்போது நிலம் மாறிவிட்டது என்பதைப் பாணன் உணர்வான். திணைக் கோட்பாட்டை இதனினும் எளிமையாகக் கற்பிக்கும் பாடம் வேறில்லை எனலாம்.

எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் அறிஞர் கருதுவர். கிடங்கில் என்பது திண்டிவனம் நகரத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கல் ஆகும். பழைய ஊர்களை அடையாளங் காண்பதில் கருத்து வேறுபாடு எழுவது இயல்பே. எனினும் மரக்காணத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட, 30 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட நிலப்பரப்பே நத்தத்தனாரின் களம் என்பது தெளிவு. பாட்டில் சொல்லப்படும் நான்கு ஊர்களுள் பெருமுக்கல் ஒன்றன்று. ஆயினும் இவ்விரு ஊர்களையும் இணைக்கும் சாலையை ஒட்டி நிற்கும் பெருமுக்கல் மலையின் மேலேறி நின்றால், அந்நிலத்தின் அமைப்பை ஒருங்கே காணலாம். அதனாலேயே அம்மலையை நம் நடையின் எல்லையாகக் கொள்கிறோம்.

இரயிலில் வந்து சேர்தல்

சென்னை எழும்பூரிலிருந்து திண்டிவனம் இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 120 கி.மீ. விரைவு வண்டிகளைவிட, தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை நின்று செல்லும் பாசஞ்சர் வண்டியே இப்பயணத்திற்கு ஏற்றது. செங்கற்பட்டைக் கடந்ததும் பாலாற்றுப் பாலம் வரும். பின்னர் படாளம், மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், தொழுப்பேடு, ஒலக்கூர் என நிலையங்கள் வரிசையாக வரும். ஏரியும் வயலும் பனையும் மாறி மாறித் தோன்றும். இவ்வூர்ப் பெயர்களை ஏட்டில் குறித்துக்கொண்டு, ஊர், பாக்கம், பேடு என்னும் ஈறுகளைப் பிரித்தறிவது இடப்பெயராய்வுக்கு நல்ல தொடக்கப் பயிற்சியாகும்.

திண்டிவனம் என்னும் பெயரே ஒரு பாடம். திந்திரிணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். திந்திரிணி வனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். நத்தத்தனார் வேலூரில் புளிச்சோறு படைத்ததையும் இப்பெயரையும் ஒருங்கு வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

கிடங்கலிலிருந்து பெருமுக்கல்

நிலையத்திலிருந்து முதலில் கிடங்கல் செல்லுதல் வேண்டும். கிடங்கு என்பது அகழி. அகழி சூழ்ந்த கோட்டையூர் ஆதலின் அப்பெயர் பெற்றது. இன்று வீடுகளும் கடைகளும் நிறைந்த பகுதி அது. அரண்மனையைத் தேடிச் செல்வோர் ஏமாற்றமடைவர். பெயர் பிழைத்திருப்பதைக் காணச் செல்வோர் நிறைவடைவர். நற்றிணை, குறுந்தொகைப் புலவர் வரிசையில் கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் ஆகியோரின் பெயர்களைக் காண்கிறோம். சங்கப் புலவர் மூவரைத் தந்த ஊரின் தெருவில் நிற்கிறோம் என்னும் உணர்வு சிறியதன்று.

அங்கிருந்து கிழக்கே மரக்காணம் சாலையில் நடந்தால் பெருமுக்கல் ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ளது. காலையில் புறப்படுவோர் இடையில் இளைப்பாறியும் மூன்றரை மணி நேரத்தில் அடிவாரத்தை அடையலாம். நடக்க இயலாத முதியோர் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் பேருந்தில் வந்து அடிவாரத்தில் சேர்ந்துகொள்ளலாம். சாலையின் இருபுறமும் நெல், வேர்க்கடலை, சவுக்கை எனப் பயிர்கள் மாறும். எந்த மண்ணில் எந்தப் பயிர் என்பதை அவ்வூர் உழவரிடமே கேட்டறிதல் நன்று.

மலையின் மேல்

பெருமுக்கல் மலை வரலாற்றின் பல அடுக்குகளைத் தன்மேல் தாங்கி நிற்கிறது. மக்கள் வழக்கில் சீதை குகை எனப்படும் பாறைக் குகையில் தொல்பழங்கால மனிதர் செதுக்கிய கீறல் உருவங்கள் உள்ளன. எழுத்து தோன்றுவதற்கு முன்னரே இங்கு மனிதன் பாறையில் தன் எண்ணத்தைப் பதித்துவைத்தான். உச்சியிலுள்ள சிவன் கோயிலில் சோழர் காலம் முதலான கல்வெட்டுகளைக் காணலாம். அவற்றை அடுத்து, கோட்டையாக இம்மலை விளங்கிய காலத்தின் தடயங்கள் உள்ளன.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் எழுத்துகளில் இவ்வூர் பெர்மாக்கோயில் என்று திரிந்து வழங்குகிறது. 1760 சனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரரை வென்ற அயர் கூட், புதுச்சேரியை நோக்கிச் செல்லும் வழியில், அவ்வாண்டு மார்ச்சில் இக்கோட்டையைப் பிடித்தார். 1780இல் தொடங்கிய இரண்டாம் மைசூர்ப் போரில் ஐதர் அலியின் படைகள் இதனை முற்றுகையிட்டன. 1782இல் பிரெஞ்சுப் படையும் ஐதரின் படையும் சேர்ந்து இதனைக் கைப்பற்றின. புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் சென்னைக்கும் செல்லும் வழிகளைக் கண்காணிக்க ஏற்ற உயரம் என்பதே இச்சிறு மலைக்காக இத்தனை படைகள் மோதியதற்குக் காரணம். பாணனுக்குச் சோறு காட்டிய வழியே பின்னர்ப் படைக்கும் வழியாயிற்று.

உச்சியில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு நிலம் கடலை நோக்கித் தாழ்ந்து செல்வது புலப்படும். அத்திசையில்தான் கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பும், மரக்காணத்து உப்பளங்களும் உள்ளன. கழுவெளி 2021ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே திரும்பினால் திண்டிவனம். நெய்தலிலிருந்து மருதம் வரை நத்தத்தனார் சொற்களால் கோத்த நிலம் காலடியில் விரிந்து கிடக்கும். வகுப்பறையில் கரும்பலகையில் வரைந்து காட்ட முயலும் ஒன்றை மலை ஒரே நோக்கில் காட்டிவிடுகிறது.

ஆற்றங்கரை நடை

மலையேற இயலாதோர் ஆற்றங்கரையைத் தேர்ந்துகொள்ளலாம். அதற்கும் ஓர் ஆற்றுப்படை வழிகாட்டுகிறது. 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை அனுப்பும்போது, சேயாற்றின் கரையைப் பற்றிச் செல்லுமாறு கூறுகிறது. வழுக்கும் பாறையில் கொடிகளைப் பற்றிக்கொள்ளுதல், பாம்புப் புற்றுகளைக் கண்டு விலகுதல், இரவில் நடவாமை ஆகிய அறிவுரைகள் இன்றும் பொருந்துவன. அச்செங்கண்மா திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் ஆகும்.

இரயிலில் எளிதில் சென்றடையத்தக்க ஆறு சங்கராபரணி. செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, கல்மரங்களுக்குப் புகழ்பெற்ற திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியே கடலை நோக்கிச் செல்வது அது. விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதையில் வில்லியனூர் நிலையத்தில் இறங்கினால் அதன் கரையை அடையலாம். கோடையில் மணலாகக் கிடக்கும் இவ்வாறுகளை எளிதாக எண்ணிவிடலாகாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் உயர்ந்ததால் இரயில்களும் நிறுத்தப்பட்டன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்றங்கரை நடை வேண்டா.

செல்வோர் கருத்திற்கு

தை, மாசித் திங்கள்களே இந்நடைக்கு உகந்தவை. ஒவ்வொருவரும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எளிய உணவும் தொப்பியும் கொண்டு செல்லுதல் வேண்டும். வண்டி நேரங்கள் மாறுவன ஆதலின் முதல்நாளே நிலையத்தில் கேட்டறிக. குழுவாகச் செல்க, மாணவியர் குழுவுடன் ஆசிரியைகள் இருவரேனும் செல்லுதல் நலம். வெயில் ஏறுமுன் மலையேறி, மாலைப் பொழுதிற்குள் நிலையத்திற்குத் திரும்பிவிடுக. கோயிலில் அவ்விடத்து மரபைப் போற்றுக. பாறைக் கீறல்களைத் தொடுவதோ, அவற்றின்மேல் சுண்ணக்கட்டி பூசிப் படமெடுப்பதோ, தம் பெயரைச் செதுக்குவதோ பெரும் பிழை. பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்த கோட்டை ஒரு சாவி முனை அழித்துவிடும்.

திண்டிவனம், வானூர் வட்டாரங்களில் கல்லுடைக்கும் தொழில் பெருகியுள்ளது. கட்டடங்களுக்குக் கல் தேவை. அத்தொழிலால் வாழும் குடும்பங்களும் பல. ஆயினும் எந்தக் குன்றில் எழுத்து உள்ளது, எதில் உருவம் உள்ளது என்று அறிந்தவர்கள் இருந்தால்தான் அக்குன்றுக்காகப் பேசுவதற்கு ஆள் இருக்கும். யாரும் சென்று காணாத மலை, கணக்கில் வெறும் கல்லாகவே எழுதப்படும். மாணவர்களின் நடை இந்த வகையில் ஒரு காவலும் ஆகும்.

தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுக்கு ஒரு நாள், சிறுபாணாற்றுப்படை பாடமாக உள்ள வகுப்பினரை இவ்வழியே அழைத்துச் செல்லலாம். திரும்பியபின் ஒவ்வொருவரும் நான்கு பக்க அளவில் ஒரு வழிக்குறிப்பு எழுதட்டும். எங்கே நிழல் கிடைத்தது, யார் தண்ணீர் தந்தார், எந்த ஊர்ப் பெயருக்கு முதியோர் என்ன விளக்கம் கூறினர், எந்த மரம் சென்ற ஆண்டு இருந்து இவ்வாண்டு இல்லை என்பனவெல்லாம் அதில் இடம்பெறட்டும். அக்குறிப்புகளை அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும். தான் கண்டதைத் தனக்குப் பின் வருவோனுக்குச் சொல்வதே ஆற்றுப்படையின் உயிர். பரிசில் பெற்றவன் அதைத் தன்னோடு மறைத்து வைத்திருந்தால் இவ்விலக்கிய வகையே தோன்றியிராது.

சமுதாயப் பெரியோர் இப்பயணத்திற்கான கட்டணத்தில் ஏழை மாணவர்க்கு உதவினால் அதுவும் ஒரு வள்ளன்மையே. பாசஞ்சர் வண்டிக் கட்டணம் மிகுதியன்று. கிடைக்கும் கல்வியோ ஒரு பருவப் பாடத்திற்கு நிகரானது. நத்தத்தனார் வழியைத் தெளிவாகவே சொல்லி வைத்துள்ளார். இரயிலும் நாள்தோறும் அவ்வழியே செல்கிறது. புறப்பட வேண்டியவர்கள் நாமே.