ஸ்லிம்மா, ஸ்கின்னியா? பார்த்துச் சொல்லுங்க!

ரொம்ப நாள் கழிச்சுப் பார்க்கிற தோழிகிட்ட "யூ லுக் ஸ்கின்னி"ன்னு சொல்லிடாதீங்க தங்கச்சிங்களா. நீங்க பாராட்டாத்தான் சொல்லியிருப்பீங்க. அவ காதுல "என்னடி, எலும்பும் தோலுமா ஆயிட்டே"ன்னு விழும். ஸ்கின்னி ஜீன்ஸோட இருக்கட்டும். மனசாரப் பாராட்டணும்னா ஸ்லிம். கொடி மாதிரி இருக்கான்னு நயமாச் சொல்லணும்னா ஸ்லெண்டர். தின் பொதுவான வார்த்தைதான். ஆனா முன்னால ஒரு 'டூ' சேர்ந்துட்டா, உடம்புக்கு என்னன்னு விசாரிக்கிற தொனி வந்துடும்.

லீன்னா வெறும் ஒல்லி இல்லை. கொழுப்பு இல்லாம முறுக்கேறின உடம்பு, மாரத்தான் ஓடுற கிப்சோகே மாதிரி. கிரிக்கெட் வர்ணனையில இஷாந்த் சர்மாவை லாங்கின்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க: நெடுநெடுன்னு உயரம், நீளநீளமா கை கால். அதுக்கு நேர் எதிர் ஸ்டாக்கி. 165 சென்டிமீட்டர் உயரத்துல, அகலமா, உறுதியா இருந்தாரே மரடோனா, அந்த வாகு.

காசு வீணாகிற இடம் பெட்டீட். ஆன்லைன்ல டிரெஸ் வாங்கும்போது இதை ஒல்லிக்கான சைஸ்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அது உயரக் கணக்கு. பெரும்பாலும் 5 அடி 4 அங்குலத்துக்குள்ள இருக்கிறவங்களுக்காக கை நீளம், தோள்பட்டை, இடுப்புத் தையல் எல்லாத்தையும் குறைச்சுத் தைப்பாங்க. அதுக்குள்ளயே ஸ்மால், மீடியம், லார்ஜ் உண்டு. ஒல்லியா உயரமா இருக்கிற பொண்ணு வாங்கினா, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நிக்கும். திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

ஃபேட்னு யாரையும் முகத்துக்கு நேரா சொல்லாதீங்க. சப்பி, குழந்தை கன்னத்துக்கு அழகு, மேனேஜருக்கு வேண்டாம். பூசினாப்ல இருக்கிறவங்களுக்கு ப்ளம்ப் பொருந்தும், ஆனா அதுவும் அவங்க இல்லாத இடத்துலதான். ஒபீஸ் டாக்டரோட வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல பிஎம்ஐ 30-ல இருந்து ஆரம்பம்; நம்ம ஊர்ல பல டாக்டர்கள் 25-லேயே எழுதிடறாங்க. அதை வச்சுக் கிண்டல் பண்ணாதீங்க.

குண்டுன்னு சொல்லக் கூச்சப்பட்டு நாம சொல்ற 'ஹெல்த்தி', வெளிநாட்டுக்காரருக்கு நோய்நொடி இல்லாதவர்னுதான் புரியும். 'நல்ல ஸ்ட்ரக்சர்'னா கட்டடம்னு நினைப்பார், பில்ட்னு சொல்லுங்க.

உடம்பு வாகு இல்லைன்னாலும் ஹோம்லியையும் சொல்லிடறேன். அமெரிக்காவுல அதுக்கு அர்த்தம், பார்க்க சுமாரானவள். அங்கேயே பிறந்து வளர்ந்த பையன் வீட்டுக்கு ஜாதகம் அனுப்பறதுக்கு முன்னாடி, பயோடேட்டாவுல அந்த வார்த்தையை எடுத்துடுங்க.