கருவறையும் கள்ளும்

மரக்காணம் கடற்கரையில் மதுவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் 2023ஆம் ஆண்டு மே மாதம் நினைவுக்கு வரும். எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். ஆயினும் 'நம் பெண்கள் குடிப்பதில்லை' என்றே நாம் சொல்லிக்கொள்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 18.8 விழுக்காட்டினர் குடிக்கின்றனர், பெண்களிலோ 1.3 விழுக்காட்டினரே. சிலர்தானே என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை. வெட்கத்தால் அவர்களும் சொல்வதில்லை. விலங்கியல் மாணவனாகிய நான் எழுத விரும்புவது அந்தச் சிலர் வயிற்றில் வளரும் பிள்ளைகளைப் பற்றி.

மெத்தனால் குடித்தவரைக் கொல்கிறது. சாதாரண மதுவில் உள்ள எத்தில் ஆல்கஹால் பிறவாத பிள்ளையைத் தாக்குகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையில் உள்ள உறுப்புக்கு நஞ்சுக்கொடி என்று பெயர். ஆனால் அது இந்த நஞ்சைத் தடுப்பதில்லை. தாயின் இரத்தத்தில் கலந்த ஆல்கஹால் கருவையும் சென்று சேர்கிறது. அதைச் சிதைத்து அகற்றும் போதிய ஆற்றல் கருவின் கல்லீரலுக்கு இல்லை.

1968இல் பிரான்சு நாட்டு நான்ட் நகர மருத்துவர் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜோன்ஸ், ஸ்மித் என்னும் மருத்துவர்கள் இந்நோய்க்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்' என்று பெயரிட்டனர். சிறுத்த கண், மெலிந்த மேலுதடு, குன்றிய வளர்ச்சி, மூளைக்குறை ஆகியன இதன் அடையாளங்கள். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த பிறப்பு ஆகியவற்றுக்கும் தாயின் குடி காரணமாகலாம்.

இதில் காலமே முக்கியம். 1981இல் சூலிக் என்னும் அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும், சினையுற்ற சுண்டெலிகளுக்கு 7ஆம் நாளில் ஆல்கஹால் செலுத்திப் பார்த்தனர். கருக்களின் முகத்தில் அதே குறைகள் தோன்றின. எலிக்கு 7ஆம் நாள் என்பது மனிதக் கருவுக்கு ஏறத்தாழ 3ஆம் வாரம். மாதவிலக்கு தள்ளிப்போயிற்றே என்று பெண் எண்ணத் தொடங்கும் நேரம் அது. 28ஆம் நாளுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. 8ஆம் வாரத்துக்குள் பெரும்பாலான உறுப்புகள் உருப்பெற்றுவிடுகின்றன.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெற, 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 12ஆம் வாரத்தில் செவிலியர் சொல்லும் அறிவுரை, 4ஆம் வாரத்தில் நேர்ந்த கேட்டைத் திருத்துமா? ஆகவே திருமணத்திற்கு முன்பே, பள்ளியிலும் வீட்டிலும் இது சொல்லப்பட வேண்டும்.

வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் குடிகாரனைக் கண்டு வருந்தும் தாயைக் காட்டினார். தாயால் துன்புறும் கருவைக் காட்டும் பொறுப்பு அறிவியலுக்கு வந்தது. ஆனால் அறிவியல் பழி சுமத்தச் சொல்லவில்லை. உப்பளத்தில் நாள் முழுதும் வெயிலில் உப்புச் சுமக்கும் பெண்ணின் பிள்ளை எடை குறைந்து பிறந்தால், சோகையும் ஓயாத உழைப்பும்கூடக் காரணமாயிருக்கலாம். உடம்புவலிக்கென்று ஒருத்தி குடித்தால், வலியைக் கேட்டறியாமல் குடியை மட்டும் ஏசுவதில் பயனில்லை. அறியாமல் குடித்துவிட்டவளும் அஞ்சி ஒளிய வேண்டாம். மூளை பிரசவம் வரை வளர்கிறது. எந்த நாளில் நிறுத்தினாலும் அந்த நாளிலிருந்து நன்மையே. ஆனால் 'இவ்வளவு குடித்தால் கெடுதியில்லை' என்று மருத்துவம் எந்த அளவையும் சொல்லவில்லை.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கருவியலைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். அதில் இந்த 28 நாள் கணக்கையாவது அக்கா, அண்ணி, அண்டை வீட்டுப் பெண்களிடம் கூச்சமின்றிச் சொல்வோம். வீட்டுக்குச் சாராயம் வாங்கிவரும் ஆண்களிடம் அதற்கும் முன்பே சொல்வோம்.